அடிஸ் அபாபா போய் வந்தவர்களே, இன்னும் மனதில் உறுத்துகிற ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

மலைக்கோட்டைவாசி:

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் வேண்டாம், அது எங்கும் கிடைக்கும். அங்கே யாரோ ஒருவர் செய்த ஏதோ ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை என்றால் அதை எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

ஃபாசிகா அன்று, அதாவது எத்தியோப்பியர்களுடைய ஈஸ்டர், கூட வேலை பார்த்த பேராசிரியர் வீட்டுக்கு அழைத்திருந்தார். 55 நாள் விரதம் முடிந்த நாள். பால், முட்டைகூடத் தொடாமல் இருந்த வீட்டில் அன்று கோழி மணக்கிறது. நான் பிறந்ததிலிருந்து சைவம். எனக்கென்று ஷிரோ என்ற கடலைமாவுக் குழம்பு தனியாக வைத்திருந்தார்கள். இஞ்செராவும் நம்ம புளித்த தோசை மாதிரிதானே, சிரமமில்லாமல் உள்ளே போனது.

அப்புறம் அவருடைய பாட்டி எழுந்து வந்தார். டோரோ வெட் என்ற கோழிக்குழம்பிலிருந்து ஒரு துண்டு கோழி, பாதி முட்டை, இரண்டையும் இஞ்செராவில் சுருட்டி என் வாய்க்கு நேரே நீட்டினார். குர்ஷா! அன்புக்கு அடையாளமாகக் கையால் ஊட்டிவிடுவது. பேரன் அம்ஹாரிக்கில் விளக்கினார். பாட்டி கேட்டார், தலையாட்டினார், கை மட்டும் இறங்கவில்லை. பெர்பெரே மிளகாய் மசாலாவின் சிவப்பு அவர் விரலிலிருந்து மணிக்கட்டுக்கு வழிகிறது. அறையே பார்த்துக்கொண்டிருக்கிறது. கடைசியில் அவரே சுருளைப் பிரித்து, கோழியை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை மறுபடி சுருட்டி நீட்டினார்.

வாயைத் திறந்தேன். எங்கள் வீட்டில் இன்று வரை யாருக்கும் தெரியாது.

டெஃப்ரசிகை:

பாட்டி கதை அருமை சார். ஆனால் இஞ்செராவைத் தோசை என்று சொல்வதை எப்போதுதான் நிறுத்துவோம்? அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் அதைச் சுடுவதைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். அரிசியும் இல்லை, உளுந்தும் இல்லை. டெஃப், கடுகைவிடச் சின்னத் தானியம். மாவை நாள்கணக்கில் புளிக்கவிடுகிறார்கள். கல்லில் வெளிவட்டத்திலிருந்து உள்ளே சுற்றி ஊற்றி மூடிவைத்தால் மேலே முழுக்கக் கண் கண்ணாகத் துளை விழும். திருப்பிப் போடுவதே கிடையாது. சுட்டு ஆறவைத்துத்தான் பரிமாறுவார்கள், அதுவேதான் தட்டும். ஆறிய தோசையை வைத்தால் நம் வீட்டில் என்ன நடக்கும்?

சரி, என் விஷயம். எதிர்வீட்டு அக்கா ஒரு சனிக்கிழமை காபிக்குக் கூப்பிட்டார். தரையில் புல் பரப்பி, சாம்பிராணி போட்டு, பச்சைக் கொட்டையை நம் கண்முன்னே வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவர் மூக்குக்கும் காட்டி, ஜெபெனா என்ற மண்கூஜாவில் ஊற்றிக் கொதிக்கவிடுவது எல்லாம் தெரியும்தானே. மூன்று சுற்று: அபோல், தோனா, பரக்கா. முதல் சுற்று முடிவதற்குள் கீழே அலுவலக வேன் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. எழுந்தேன். அக்கா என் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

போனவர் ஓட்டுநரோடு திரும்பி வந்தார். அவரை என் பக்கத்தில் உட்காரவைத்து, கையில் கோப்பையைக் கொடுத்து, பாப்கார்ன் கிண்ணத்தையும் தள்ளினார். அவ்வளவு அவசரப்படுத்திய மனிதர் மூன்றாவது கோப்பை வரை அசையவே இல்லை. அன்றைய கூட்டம் நாங்கள் போகும்போது முடிந்திருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

கணக்குப்பிள்ளை:

நேரக் கணக்கைப் பற்றி யாரும் எழுதவில்லையே. அவர்களுக்குப் பொழுது விடிவதிலிருந்துதான் மணி. நமக்கு ஏழு என்றால் அவர்களுக்கு ஒன்று. எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரியும். தெரிந்து என்ன பயன், வாயில் வரும்போது நம் மணிதானே வருகிறது. என்டோட்டோ மலைக்குப் போக நீல நிற லாடா டாக்சிக்காரர் ஒருவரிடம் “நாளை காலை 11” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் பத்தரைக்குக் கீழே இறங்கினால், வண்டிக்குள் நெதெலா என்ற பருத்திப் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருக்கிறார். விடியற்காலை ஐந்து மணிக்கு வந்தவர். காவலாளியிடம் எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கண்ணாடியைத் தட்டியதும் விழித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எல்லாம் புரிந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே! காத்திருந்ததற்குச் சேர்த்துக் கொடுத்த பணத்தை எண்ணி, பேசிய தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் சட்டைப் பையில் திணித்தார். வாங்கியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

வடலி:

மெஸ்கல் சதுக்கத்துக்குப் பக்கத்தில் செம்பயங்கர நினைவு அருங்காட்சியகம். 2010இல் திறந்தது. வாசலில் மூன்று பெண்கள் நிற்கும் சிலை. மெங்கிஸ்துவின் தெர்க் என்ற இராணுவ ஆட்சியில் கொல்லப்பட்டவர்களுக்காகக் கட்டினது. நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இப்படியான இடங்களுக்குப் போகக்கூடாது என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பினவர்கள்.

உள்ளே ஒரு சுவர் முழுக்க முகங்கள். கறுப்பு வெள்ளைப் படங்கள், கனபேர் மாணவர்கள். சுற்றிக் காட்டினவர் தானும் அந்தக் காலத்தில் சிறையில் இருந்தவர். அமைதியாகக் கதைத்துக்கொண்டே வந்தவர் ஒரு படத்துக்கு முன்னால் நின்று, அதன் சட்டத்தில் இருந்த தூசியைத் தன் சட்டைக் கையால் துடைத்தார். யார் என்று சொல்லவில்லை. அடுத்த அறைக்கு நடந்தார். அங்கே கண்ணாடிப் பெட்டிகளில் தோண்டி எடுத்த எலும்புகள், துணிகள்.

வெளியே வந்தபோது எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். “உங்களிடம் சுவர் இருக்கிறதா?” என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

பெட்டிதூக்கி:

நான் பணி ஓய்வுக்குப் பிறகு மனைவியோடு போனவன். என் கதை சின்னது. அமிஸ்ட் கிலோ பக்கம் தேசிய அருங்காட்சியகத்தில் லூசி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். 1974இல் ஹடாரில் கிடைத்த, 32 லட்சம் வருடப் பழைய மனித மூதாதை எலும்புக்கூடு. காவலாளி பக்கத்தில் வந்து, “இது அச்சு எடுத்தது, அசல் பூட்டிய அறையில் இருக்கிறது” என்றார். நீங்கள் அசலைப் பார்த்திருக்கிறீர்களா என்றேன். “வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இவளுக்குக் காவல் நிற்கிறேன், ஒருமுறைகூடப் பார்த்ததில்லை” என்றார். அவ்வளவுதான்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். ஊர் 2,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது, நம் ஊட்டியைவிட உயரம். இறங்கின அன்றே என்டோட்டோ ஏறாதீர்கள், அது 3,000 தாண்டும். மூச்சு வாங்கும், தலை வலிக்கும். முதல் நாள் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசாமல் படுங்கள். மழைக்காலம் ஜூலை, ஆகஸ்ட், அப்போது போகாதீர்கள். செப்டம்பர் கடைசியில் போனால் மெஸ்கல் சதுக்கத்தில் பெரிய சொக்கப்பனை கொளுத்துவதைப் பார்க்கலாம். ஜனவரி 19 வாக்கில் போனால் திம்கத், இயேசு ஞானஸ்நானம் பெற்றதைக் கொண்டாடும் விழா, ஜான் மேடா மைதானத்தில் விடியற்காலையில் தண்ணீர் தெளிப்பார்கள்.

சைவக்காரர்கள் பயப்படவே வேண்டாம். புதனும் வெள்ளியும் ஊரே விரதம். “பெயைநேது” என்று கேளுங்கள், ஒரே இஞ்செராவின் மேல் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட் எல்லாம் வைத்து வரும். அதில் பாலும் இருக்காது. “கிட்ஃபோ” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அது கொத்திய பச்சை மாட்டிறைச்சி. காபிக்கு 1953இல் பியாஸாவில் தொடங்கிய டொமோகா. நின்றுகொண்டேதான் குடிக்க வேண்டும், மக்கியாத்தோ சொல்லுங்கள். மெர்க்காட்டோ சந்தைக்கு உள்ளூர்க்காரர் ஒருவரோடு போங்கள், கைபேசியை உள்பையில் வையுங்கள். சிதிஸ்ட் கிலோவில் பல்கலைக்கழகத்துக்குள் பேரரசர் ஹைலே செலாசியின் பழைய அரண்மனை இருக்கிறது. அவருடைய படுக்கையறை, குளியலறை வரை பார்க்கலாம். திரித்துவ தேவாலயத்தில் அவர் கல்லறை. 1975இல் இறந்தவரை 2000இல்தான் அங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். ஆப்பிரிக்கா ஹாலில் அஃபெவர்க் தெக்லேயின் கண்ணாடி ஓவியம் இருக்கிறது, முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், நடைபாதை சரியில்லாத இடங்கள் உண்டு. ஸ்வெட்டர் கட்டாயம்.

கணக்குப்பிள்ளை:

சார், பட்டியல் வேண்டாம் என்றுதானே முதல் வரியிலேயே போட்டிருக்கிறது. அந்தக் காவலாளியைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம்.

டெஃப்ரசிகை:

அதைவிட ஒரு கொடுமை. அசல் லூசியை 2007இல் அமெரிக்காவுக்கு அனுப்பிச் சில வருடங்கள் காட்சிக்கு வைத்தார்கள். ஹூஸ்டன்காரர்கள் பார்த்ததை வாசலில் நிற்கிறவர் பார்க்கவில்லை.

ஒற்றைக்கம்பி:

இதை யாராவது தீர்த்துவையுங்கள். கசான்சிஸ் பகுதியில் ஒரு அஸ்மாரி பெத், பாடகர்கள் பாடும் மதுக்கூடம். மசிங்கோ என்ற ஒற்றைக்கம்பி வாத்தியத்தை வைத்துக்கொண்டு வந்திருப்பவர்களைப் பற்றி அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டிப் பாடுவார்களே, அதுதான். உள்ளூர் நண்பர் கூட்டிப்போனார். பெரெலே என்ற கண்ணாடிக் குடுவையில் தெஜ் வந்தது. தேன் கள் என்று ஏமாந்துவிடாதீர்கள், எழும்போதுதான் தெரியும்.

பாடகர் நேரே என்னிடம் வந்து, வில்லை இழுத்து, இரண்டு அடி பாடினார். “ஹிந்த்”, அதாவது இந்தியா, என்பது மட்டும் காதில் விழுந்தது. கூடமே வெடித்துச் சிரித்தது. பக்கத்து மேசைக்காரர் எழுந்து பாடகரின் நெற்றியில் ஒரு பிர் நோட்டை ஒட்டினார், இன்னும் இரண்டு அடி! ஒரு பெண் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நண்பருக்குக் கண்ணில் தண்ணீர். என்ன பாடினார் என்று கேட்டால், “சொன்னால் சுவை போய்விடும்” என்கிறார். இன்று வரை அதே பதில்தான்.

டெஃப்ரசிகை:

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மேலே ஒரு பொருள், உள்ளே ஒரு பொருள் வைத்துப் பாடுவது அவர்களுக்குப் பெரிய கலை. நம் காளமேகப் புலவர் அங்கே பிறந்திருந்தால் ராஜாவாக இருந்திருப்பார். அந்த இடத்தைத் திரும்பத் தேடிப் போகாதீர்கள், கசான்சிஸில் பெரும்பகுதியை 2024இல் நகரச் சீரமைப்புத் திட்டத்துக்காக இடித்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எல்லா அடியும் பாடகர் சொந்தமாகக் கட்டுவதில்லை. வந்திருப்பவர்களே அடியைச் சொல்லிக்கொடுத்துப் பாடவைப்பதும் அங்கே வழக்கம். உங்கள் நண்பர் பாட்டுக்கு முன்னால் எழுந்து போனாரா?

ஒற்றைக்கம்பி:

கழிவறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனார். பாடகர் நின்றிருந்த பக்கமாகத்தான் போனார். இருங்கள், அவருக்குப் போன் போடுகிறேன்.