மாடியிலிருந்து கீழ்க்கணினி திறக்கிறது, கீழிருந்து மாடிக்கணினி திறக்கவில்லை

மார்த்தாண்டம் ஆல்பம் கேட்கிறார்:

வணக்கம். வீட்டிலேயே கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். கீழே விண்டோஸ் 7 கணினி; பிரிண்டரும் பழைய படங்கள் நிறைந்த ஹார்டு டிஸ்கும் அதோடுதான் இருக்கின்றன. மாடியில் தங்கையின் விண்டோஸ் 11 மடிக்கணினி. தடித்த வெட்டுக்கல் சுவரைத் தாண்டி மோடத்தின் வைஃபை மாடிக்கு ஏறாது. அதனால் கேபிள் இழுத்து மாடியில் ஒரு பழைய ரூட்டரை வைத்தோம். இன்டர்நெட் இரண்டு இடத்திலும் குறையில்லாமல் வருகிறது.

மடிக்கணினியில் \\192.168.1.5 என்று அடித்தால் கீழ்க்கணினியின் ஃபோல்டர் திறக்கிறது. பெயரை அடித்தால் திறக்காது. கீழிருந்து மடிக்கணினியை எப்படித் தேடினாலும் 80070035 என்ற பிழை எண்தான் வருகிறது. ஷேரிங் இரண்டிலும் போட்டிருக்கிறது. ஃபயர்வாலை அணைத்தும் பலனில்லை. நான் பென் டிரைவோடு படியேறி இறங்குவதைப் பார்த்து, உடம்பு இளைக்கிறது, இப்படியே இருக்கட்டும் என்கிறார் அம்மா. பெண் வீட்டாரோ ஆல்பம் எங்கே என்கிறார்கள்.

குழித்துறைக்காரர்:

விண்டோஸ் 7 பழையது. மடிக்கணினியின் விண்டோஸ் வசதிகள் பட்டியலில் எஸ்எம்பி 1 (கணினிகள் ஃபைல்களைப் பகிரும் முறையின் பழைய பதிப்பு) என்று இருக்கும், அதை இயக்கிவிடுங்கள். அக்கா வீட்டில் எனக்கு அப்படித்தான் சரியாயிற்று.

வடசேரி அண்ணாச்சி:

எஸ்எம்பி 1 பக்கமே போகாதீர்கள், தம்பி. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான். விண்டோஸ் எக்ஸ்பிக்கு வேறு வழி கிடையாது. விண்டோஸ் 7க்கு எஸ்எம்பி 2.1 தெரியும். அக்கா வீட்டில் அதைவிடப் பழையது ஏதோ இருந்திருக்க வேண்டும்.

ஒருபக்கம் திறக்கிறது, மறுபக்கம் திறக்கவில்லை என்கிறீர்கள். கோளாறு ஷேரிங்கில் இல்லை, மாடி ரூட்டரில். மடிக்கணினியின் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதற்குரிய எண்ணை, பாருங்கள். 192.168.1 என்று தொடங்காவிட்டால், அந்த ரூட்டர் தனியாக ஒரு நெட்வொர்க் நடத்துகிறது என்று பொருள். அதன் பின்னால் இருப்பவர் வெளியே போகலாம். வெளியிலிருந்து அவரை எட்ட முடியாது. கணினிப் பெயரைத் தேடும் அழைப்பும் ரூட்டரைத் தாண்டிப் போகாது.

மாடி ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'ஆக்சஸ் பாயின்ட்' முறை (தனி நெட்வொர்க் நடத்தாமல் வைஃபை மட்டும் தருவது) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், போதும். இல்லாவிட்டால் முதலில் ரூட்டரின் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். அது வேறு எந்தக் கருவிக்கும் போயிருக்கக் கூடாது. பிறகு கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணையுங்கள். வரிசையை மாற்றினால் ரூட்டரின் பக்கத்தைத் திரும்பத் திறக்கவே திண்டாடுவீர்கள். கடைசியாக, மோடத்திலிருந்து வரும் கேபிளை நிறம் மாறியிருக்கும் தனித் துளையிலிருந்து எடுத்து மற்றத் துளைகளில் ஒன்றில் சொருகுங்கள்.

ஃபயர்வாலை மறுபடி இயக்குங்கள். மடிக்கணினியில் அந்த வைஃபை 'பிரைவேட்' என்று இருக்க வேண்டும். 'பப்ளிக்' என்றிருந்தால் அது தன்னை மறைத்துக்கொள்ளும்.

மார்த்தாண்டம் ஆல்பம்:

192.168.0.102 என்று இருந்தது அண்ணாச்சி! ஆக்சஸ் பாயின்ட் முறை இல்லாத ரூட்டர். நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். இப்போது கீழிருந்து மடிக்கணினியின் பெயர் தெரிகிறது. ஆனால் திறந்தால் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. தங்கை தினமும் போடும் நான்கு இலக்க எண்ணைக் கொடுத்தால் தவறு என்கிறது.

வடசேரி அண்ணாச்சி:

அந்த நான்கு இலக்க 'பின்' (PIN) எண் அந்த மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்; நெட்வொர்க் வழியாகச் செல்லாது. தங்கையின் மைக்ரோசாஃப்ட் கணக்கு பாஸ்வேர்டைக் கேட்டு வாங்குவதைவிட, மடிக்கணினியில் 'ஆல்பம்' என்று ஒரு உள்ளூர்க் கணக்கைத் தொடங்குங்கள். பாஸ்வேர்டு வைத்தே ஆக வேண்டும். வெறுமையாக விட்டால் விண்டோஸ் உள்ளே விடாது. கீழ்க்கணினியில் பயனர் பெயராக மடிக்கணினியின் பெயர், பின்சாய்கோடு (\), ஆல்பம் என்று சேர்த்து அடியுங்கள்.

ஃபோல்டருக்கு ஷேரிங், செக்யூரிட்டி என இரண்டு இடத்தில் அனுமதி உண்டு. இரண்டிலும் அந்தக் கணக்கைச் சேர்க்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் படத்தைத் திறக்கலாம், சேமிக்க முடியாது என்பது போன்ற வினோதங்கள் வரும்.

மார்த்தாண்டம் ஆல்பம்:

திறந்துவிட்டது, எழுதவும் முடிகிறது. நேற்று மின்சாரம் போய் வந்தபின் கீழ்க்கணினியின் 192.168.1.5 மட்டும் 1.9 ஆகிவிட்டது. தங்கையின் குறுக்குவழி அதனால் வேலை செய்யவில்லை.

வடசேரி அண்ணாச்சி:

இனிப் பெயரைக் கொண்டே குறுக்குவழி வைக்கலாம். எண்தான் வேண்டுமென்றால், மோடத்தின் பக்கத்தில் அந்தக் கணினிக்கென்று முகவரியை ஒதுக்கிவிடுங்கள்.

குழித்துறைக்காரர்:

மாடிக்குப் போகும் கேபிள் வெளிச்சுவர் வழியாகவா போகிறது? அப்படியானால் ஐப்பசி இடிக்கு முன் வீட்டுக்குள்ளேயே இழுத்துவிடுங்கள். என் பக்கத்து வீட்டில் போன வருடம் ரூட்டர், கணினி இரண்டும் சேர்ந்தே கருகின.