ஷாக் வேவ்: அலையா, வரப்பா?

'ஷாக் வேவ்' என்பதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நமக்குள் பேச்சு. 'அதிர்ச்சி அலை' என்றே வைத்துவிடலாம் என்கிறார் அண்ணன். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெடி வெடித்துப் பரவுவது அலை, சரி. இறக்கைமேல் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பதையும் அலை என்றால், மாணவன் மனத்தில் கடற்கரைதான் வரும்.

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு ஒருமுறை நண்பகல் விமானத்தில் போனேன், இறக்கையோரம் ஜன்னல் சீட்டு. வெயில் உச்சியில். இறக்கையின் மேற்பரப்பில், அடியிலிருந்து நுனிப்பக்கமாக நூல் பிடித்தாற்போல் ஒரு நிழற்கோடு, லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்துச் சீட்டு அத்தையிடம் காட்டினால், கண்ணாடியில் கீறல் என்றார். நாம் பெயர் தேடும் சங்கதியே அதுதான். அந்த ரக விமானம் போவது மாக் 0.78 அளவில்தான் (மாக் 1 என்றால் ஒலிவேகம்), ஆனால் இறக்கையின் மேல்வளைவில் காற்று வேகம் பிடித்து மாக் 1-ஐத் தாண்டிவிடும், பிறகு அந்தக் கோட்டில் சட்டென அழுத்தமும் அடர்த்தியும் ஏற, மறுபடி ஒலிவேகத்துக்குக் கீழே வந்துவிடும். அடர்த்தி மாறுகிற இடத்தில் ஒளி வளைவதால் நிழல். இந்த அளவுக்குத் தன் பெயரைத் தந்த இயற்பியலாளர் ஏர்ன்ஸ்ட் மாக் 1887இல் வெளியிட்ட துப்பாக்கிக் குண்டுப் படங்களும் ஒளியின் இந்தக் குணத்தை வைத்து எடுத்தவைதான்.

ஆக என் பரிந்துரை 'அழுத்த வரப்பு'. இந்தப் பக்கம் ஒரு மட்டம், அந்தப் பக்கம் வேறு மட்டம்.

வரப்பு நகராதே என்று தம்பி மடக்கியது நியாயம். வேகம் கூடினால் இது பின்விளிம்பு நோக்கித் தள்ளிப்போகும், வலுவும் ஏறும். மிஞ்சிப்போனால் அதன் அடியில் இறக்கையை ஒட்டி ஓடும் காற்றுப்படலம் பெயர்ந்து, வரப்பே முன்னும் பின்னும் ஆடி, இறக்கை குலுங்கும். ஆனால் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடையில் கைகழுவும் தொட்டியைப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் தட்டையான அடியில் விழுந்து மெல்லிசாக, வேகமாகப் பரவி, ஒரு வட்டத்தில் திடீரென்று தடித்து மெதுவாகும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், வட்டம் அங்கேயே நிற்கும், குழாயை இன்னும் திறந்தால் வட்டம் விரியும். அதுவும் வரப்புதான், இடம் மாறுகிற வரப்பு. நான் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்ததில் பின்னால் நின்றவர், "கழுவியாச்சா லா?" என்று கேட்டுவிட்டார்.

அப்புறம், இப்படி ஒலிவேகத்தை ஒட்டி ஓடும் காற்றைச் சொல்லும் 'டிரான்சானிக்' என்ற சொல்லுக்கு 'ஒலிக்கடப்பு' வேண்டாம். சென்னை போகிற விமானம் ஒலியைக் கடப்பதே இல்லை. 'ஒலியொட்டுப் பாய்வு' என்றால் போதும். 'மீயொலி'யையும் இங்கே இழுக்காதீர்கள், அது ஏற்கெனவே ஆஸ்பத்திரி ஸ்கேனுக்குப் போய்விட்டது.