ஏர் ஃப்ரையரில் பேகல்: கூடை சின்னது, காற்று பலம்

(புனைபெயரில் எழுதும் நால்வரின் உரையாடல்)

மாவுக்கை:

ஓவனுக்கு எழுதிய பேகல் (கொதிநீரில் போட்டெடுத்துச் சுடும் வளைய ரொட்டி) குறிப்பை அப்படியே எடுத்து ஏர் ஃப்ரையரில் 220 டிகிரி வைத்தால் ஐந்தாவது நிமிடமே மேல்பக்கம் கறுக்கும், நடுவில் மாவு பச்சையாக இருக்கும். சூடாகும் கம்பி மாவுக்கு மேலே சில விரல் தூரத்தில்தான் இருக்கிறது, அந்தச் சூட்டை மின்விசிறி வேறு கீழே தள்ளுகிறது. 180 டிகிரி போதும்.

இன்னொரு சிக்கல் இடம். 4 லிட்டர் கூடையில் 80 கிராம் பேகல் மூன்றுதான் கொள்ளும். நான்காவதைத் திணித்தால் ஒன்றோடொன்று ஒட்டி, ஒட்டிய பக்கம் வெளுத்துப் போகும். அதனால் அளவையே இந்தக் கூடைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்வது நல்லது. ஆறு பேகலுக்கு, அதாவது இரண்டு ஈடுக்கு:

மைதா 288 கிராம், கோதுமை குளூட்டன் (கோதுமைப் புரதத் தூள்) 12 கிராம், தண்ணீர் 170 மில்லி, சர்க்கரை 12 கிராம், உப்பு 6 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம். வெயில் காலமானால் ஈஸ்ட் 2 கிராமே போதும், தண்ணீரும் ஐஸ் தண்ணீராக இருக்கட்டும்.

குளூட்டன் எதற்கு? நம் கடை மைதாவில் 100 கிராமுக்குப் புரதம் 10 கிராம் அளவில்தான் இருக்கும். பேகலுக்கு 12, 13 வேண்டும். அந்த 12 கிராம் சேர்த்தால் கணக்கு ஏறக்குறைய 12.6-க்கு வந்துவிடும். சேர்க்காமலும் செய்யலாம், ஆனால் பல்லுக்குப் பிடிகொடுக்கும் அந்த இழுவை இருக்காது, பன் மாதிரி அமுங்கும். குளூட்டன் இல்லையென்றால் தண்ணீரில் 8 மில்லி குறைக்கவும்.

மாவு பூரி மாவைப் போலக் கெட்டியாக இருக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் உடைந்து உடைந்து வரும். அப்போது தண்ணீர் தெளிக்கக் கை பரபரக்கும், தெளிக்காதீர்கள். பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு மறுபடி 8 நிமிடம் பிசைந்தால் தானே வழவழப்பாகும். அரை மணி நேரம் ஓய்வு கொடுத்து 80 கிராம் உருண்டைகளாகப் பிரிக்கவும்.

மெதுவடைக்குப் போலக் கட்டைவிரலால் ஓட்டை போட்டு விரிப்பது சுலபம். ஓட்டை 4 செ.மீ.க்குக் குறைந்தால் வேகும்போது மூடிக்கொள்ளும், பேகல் தொப்புள் வைத்த பன்னாகிவிடும். 20 செ.மீ. கயிறாகத் திரித்து, நுனிகளை 3 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வைத்து, உள்ளங்கைக்கு அடியில் உருட்டி இணைப்பது இன்னொரு முறை. இதில் இழுவை நன்றாக இருக்கும். மேடையில் மாவு தூவக் கூடாது, தூவினால் இணைப்பு ஒட்டாமல் கொதிநீரில் வாய் பிளக்கும்.

இனிதான் முக்கியம். வடிவம் கொடுத்த பேகலைத் தனித்தனித் தாளில் வைத்து, 15 நிமிடம் வெளியே விட்டு, எண்ணெய் தடவிய ஷீட்டால் மூடி, ஃபிரிட்ஜில் 10 முதல் 16 மணி நேரம் வைக்கவும். சுவை கூடும் என்பது பாதிக் காரணம். ஏர் ஃப்ரையர்காரர்களுக்கு மற்ற பாதிதான் பெரிது. முதல் மூன்று வெந்துகொண்டிருக்கும்போது அடுத்த மூன்று அறைச் சூட்டில் நின்றால் அளவுக்கு மீறிப் பொங்கிவிடும், தண்ணீரில் போட்டதும் சுருங்கித் தட்டையாகும். ஃபிரிட்ஜில் இருந்தால் காத்திருக்கும்.

எடுத்ததும் ஒன்றைக் கிண்ணத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பத்து விநாடிக்குள் மிதந்தால் தயார். மூழ்கினால் 20 நிமிடம் வெளியே வைத்து மறுபடி பார்க்கவும்.

ஜல்லிக்கரண்டி:

கொதிக்க வைக்கும் கட்டத்தைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஏர் ஃப்ரையரில் அது ஓவனைவிடவும் அவசியம். மேல்தோலில் இருக்கும் மாவுச்சத்து கொதிநீரில் கூழாகி ஒரு படலமாக இறுகுகிறது. பளபளப்பு அதிலிருந்துதான் வருகிறது. மாவு கண்டபடி உப்பாமல் கட்டுவதும் அதுதான், இழுவையும் அதனால்தான். ஈரமான அந்தப் படலம் இல்லாமல் விசிறிக் காற்றில் வைத்தால் தோல் சீக்கிரம் காய்ந்து இறுகிவிடும், உள்ளே ஆவி முட்டிப் பக்கவாட்டில் வெடிக்கும்.

2 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி தேன் அல்லது மால்ட் (முளைகட்டிய பார்லிப் பாகு). மால்ட் கிடைக்காவிட்டால் நாட்டுச்சர்க்கரை போதும், நிறம் நன்றாகவே ஏறும். ஆப்ப சோடா கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். அதிகமானால் பிரெட்செல் (முடிச்சு வடிவ ஜெர்மன் ரொட்டி) வாசனையும் ஒரு சவர்க்கார ருசியும் வந்துவிடும்.

பக்கத்துக்கு 30 விநாடி. இன்னும் கெட்டியான கடி வேண்டுமானால் 60. மெல்லக் கொதிக்கட்டும், தளதளவென்று கொதித்தால் வடிவம் கலையும். மூன்றை மட்டும் போட்டு எடுங்கள். ஆறையும் ஒரேயடியாக வேகவைத்து வரிசையில் நிறுத்தினால் பின்னால் நிற்பவை ஒட்டும், இறங்கும்.

கனடாவின் மொன்ட்ரியால் நகரத்துப் பேகல் விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மாவில் வழக்கமாக உப்பு சேர்ப்பதில்லை. தேன் கலந்த தண்ணீரில் வேகவைத்து விறகடுப்பில் சுடுகிறார்கள். ஓட்டை பெரிது, உடல் ஒல்லி. தடிமன் குறைவென்பதால் ஏர் ஃப்ரையருக்கு நியூயார்க் பாணியைவிட அதுதான் சுலபமாகப் படியும். 70 கிராமில் திரித்து ஓட்டையை 6 செ.மீ. விட்டால் இரண்டு நிமிடம் முன்னதாகவே வெந்துவிடும். விறகு மணத்தை மட்டும் கேட்காதீர்கள்.

தயிர்க்கிண்ணம்:

ஈஸ்ட் இல்லாத தயிர் பேகலைப் பற்றி யாருமே பேசவில்லையே. அவசரத்துக்கு அதுதான் கைகொடுக்கும். மைதா 150 கிராம், பேக்கிங் பவுடர் 7 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் 140 கிராம். நான்கு வரும்.

தவறு பெரும்பாலும் தயிரில்தான். வீட்டுத் தயிரை அப்படியே ஊற்றினால் மாவு கையை விட்டு வராது. அரைக் கிலோ தயிரை ஃபிரிட்ஜுக்குள்ளேயே நான்கு மணி நேரம் வடியவிட்டால் கிட்டத்தட்ட பாதி நிற்கும், ஸ்பூனைக் கவிழ்த்தால் விழாத பதம். புளித்த தயிர் வேண்டாம். புளிப்பும் பேக்கிங் பவுடரும் கலந்த உடனே நுரைத்து, வாயு கிண்ணத்திலேயே தீர்ந்துவிடும். பிசைவதும் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கலந்த கால் மணி நேரத்துக்குள் கூடைக்குள் போக வேண்டும்.

இதைத் தண்ணீரில் போடாதீர்கள், மேலெல்லாம் கொழகொழவென்று ஆகிவிடும். பளபளப்புக்கு முட்டை வெள்ளைக்கரு அல்லது பால். 160 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம், திருப்பத் தேவையில்லை.

மாவுக்கை:

தயிர் பேகல் ருசிதான், மறுக்கவில்லை. ஆனால் கடித்தால் ஸ்கோன் (ஈஸ்ட் இல்லாத சிறு ரொட்டி) மாதிரிப் பொலபொலக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருந்தால் சரி.

சுடும் நேரத்தை மேலே விட்டுவிட்டேன். 180 டிகிரியில் 5 நிமிடம் வெறும் கூடையைச் சூடாக்கி, பேகலை வைத்து 7 நிமிடம், திருப்பிப் போட்டு 4 நிமிடம். உள்ளே குத்தும் வெப்பமானி இருந்தால் நடுவில் 94 டிகிரி காட்ட வேண்டும். ஐந்தாவது நிமிடத்திலேயே மேல் நிறம் ஏறிவிட்டால் உங்கள் கருவி சூடு கூடியது, அடுத்த ஈட்டுக்கு 165 வைத்து மூன்று நிமிடம் கூட்டுங்கள். இரண்டாவது ஈடு எப்போதும் ஒரு நிமிடம் முந்தும், கூடை ஏற்கெனவே காய்ந்திருப்பதால்.

எள்ளுருண்டை:

காற்றைப் பற்றிக் கொஞ்சம். எள்ளை மேலே தூவினால் பாதி பறந்து கம்பியில் ஒட்டிக் கருகும், புகை வரும். கொதிநீரிலிருந்து எடுத்த ஈரத்தோடு பேகலைக் கவிழ்த்து, எள் பரப்பிய தட்டில் அழுத்தி எடுத்தால் ஒட்டும். தாமதித்தால் தோல் உலர்ந்து எள் உதிரும். காய்ந்த பூண்டு, வெங்காயத் தூளை முதலிலேயே போட்டால் கசக்கும். திருப்பிப் போட்ட பிறகு லேசாக வெண்ணெய் தொட்டுத் தூவுங்கள்.

கசகசா போடும் வழக்கம் உண்டு. ஆனால் சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் கசகசா விஷயத்தில் சட்டச் சிக்கல் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டாம். கருப்பு எள்ளோ கருஞ்சீரகமோ போட்டால் கண்ணுக்கு அதே அழகு.

தாள்: கடையில் பட்டர் பேப்பர் என்று விற்பதெல்லாம் ஒட்டாத தாள் அல்ல. சிலிகான் பூசாத தாள் ஈர மாவின் அடியில் பசைபோட்டது போல ஒட்டிக்கொள்ளும். பேக்கிங் தாள் என்று கேட்டு வாங்கி, பேகல் அளவுக்கே வெட்டி வையுங்கள். கூடை முழுக்க விரித்தால் கீழ்க்காற்று அடைபட்டு அடிப்பக்கம் அவித்தது போல ஆகும். திருப்பும்போது தாளை உருவிவிடலாம். வெறும் கூடையைச் சூடாக்கும்போது தாளை உள்ளே வைக்கவே கூடாது. மேலே கனம் இல்லாததால் பறந்து கம்பியில் பட்டுத் தீப்பிடிக்கும்.

ஜல்லிக்கரண்டி:

சூட்டோடு வெட்டாதீர்கள், உள்ளே பிசுபிசுக்கும். அரை மணி ஆறட்டும். ஆறிய பேகலைக் கையில் தூக்கிப் பிடித்து வெட்டினால் கத்தி வழுக்கி உள்ளங்கையில் இறங்கும். பலகையில் படுக்க வைத்து, மேலே உள்ளங்கையைத் தட்டையாக அழுத்தி, பல் வைத்த ரொட்டிக் கத்தியால் பக்கவாட்டில் அறுக்கவும்.

மறுநாளே கல்லாகிவிடும், எண்ணெய் சேராத மாவின் குணம் அது. மிச்சமானால் இரண்டாக வெட்டி, அதன் பிறகு ஃப்ரீசரில் வையுங்கள். வெட்டாமல் உறைய வைத்தால் பிறகு ரம்பம்தான் வேண்டும். எடுத்ததும் தண்ணீர் தெளித்து 160 டிகிரியில் 4 நிமிடம், வெட்டிய பக்கம் மேலே பார்த்தபடி.