கடையை மூடவில்லை: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு புதுப்பிப்பு

அப்பா விட்டுப்போன வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடையை மூடலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். ஆன்லைன் விலைக்கு என்னால் இறங்க முடியவில்லை என்பதுதான் காரணம். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மூடவில்லை. சீட் கவர், எல்இடி விளக்கு வகைகளை நிறுத்திவிட்டேன். அந்தக் காசில் பிரேக் ஷூ, செயின், கேபிள் வாங்கி அடுக்கியிருக்கிறேன். செம்பனைத் தோட்டத்துக்கு விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு கிளட்ச் கேபிள் அறுந்தால், பார்சல் வரும்வரை சம்பளம் போகுமே!

சனிக்கிழமை ஒரு பெரியவர் வந்தார். மகன் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த டைமிங் பெல்ட் (எஞ்சினில் ஓடும் பல் வைத்த பட்டை) அவர் காருக்குப் பொருந்தவில்லையாம். பழையதையும் புதியதையும் மேசையில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பல்லை எண்ணினோம். எண்ணிக்கையே வேறு. அவருடையது புரோட்டோன் சாகா கார்; சாகா என்று மட்டும் தேடியிருக்கிறார்கள். 1985-இல் வந்த சாகாவும் சாகாதான், 2008-இல் வந்த பிஎல்எம் என்ற மாடலும் சாகாதான், எஞ்சின் வேறு. "தம்பி, முதல்லயே உங்கிட்ட வந்திருக்கணும்" என்றார். மனசு நிறைந்துவிட்டது.

வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்ட ஆன்லைன் சாமானுக்கு 2024 ஜனவரியிலிருந்து 10 விழுக்காடு வரி உண்டு. ஆனாலும் விலையில் அவர்களை எட்ட முடியாது. அப்புறம், பட்டறைகளின் கடன் பாக்கிதான் இன்னும் வசூலாகவில்லை. தீபாவளிக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.