ஞாயிறு 5 மணிக்குக் கொண்டு விடணும்: பிரிந்த பெற்றோர் கோர்ட் ஆர்டர்படி பிள்ளையைப் பார்ப்பதில் உங்கள் அனுபவம் என்ன?

தண்டையார்பேட்டை அப்பா:
குடும்ப நீதிமன்றத்தில் ஓ.பி. (மனு) போட்டது, கவுன்சலிங், வாய்தா எல்லாம் உங்களுக்கே தெரியும். முதல் ஆறு மாதம் கோர்ட் வளாகத்தில்தான் பொண்ணைப் பார்த்தேன். அப்புறம் இடைக்கால மனுவில் மாதம் இரண்டு ஞாயிறு, காலை 10 முதல் மாலை 5 வரை வெளியே கூட்டிப் போகக் கிடைத்தது. திருவொற்றியூர் தேரடி மெட்ரோ வாசலில் வாங்கி, அங்கேயே விட வேண்டும். அவளுக்கு அப்போது 7 வயது.

அப்படி ஒரு ஞாயிறு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு கவுன் எடுத்தேன். கடையிலேயே போட்டுக்கொண்டாள். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடும்போது கறை படக்கூடாது என்று என் கர்ச்சீப்பைக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். கிளம்பும்போது, "அப்பா, உன் வீட்டுக்குப் போய்ட்டுப் போலாம்" என்றாள். எதுக்கு என்றேன். "பழைய டிரெஸ் மாத்திக்கிறேன். இது இங்கயே இருக்கட்டும்."

அம்மா ஏதாவது சொன்னாங்களா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவளே மடித்து, கவரில் போட்டு, பீரோவில் வைத்தாள். இப்படி நாலு கவர் ஆகிவிட்டது. முதல் கவுன் இப்போது அவளுக்குச் சேராது.

வியாசைப் பொண்ணு:
அண்ணா, அந்த அம்மா சொல்லிக் கொடுத்துதான் அனுப்பியிருப்பாங்க என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் தாங்களாகவே கணக்குப் போடும்.

என் மகனுக்கு 9 வயதில் ஜட்ஜ் அம்மா சேம்பருக்குள் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாங்க. வெளியே வந்தவன் என்னையும் பார்க்கவில்லை, அவங்க அப்பாவையும் பார்க்கவில்லை. நேராகப் போய்த் தண்ணீர் குடித்தான். பஸ் பேசின் பிரிட்ஜ் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தான். "நான் சொன்னத ஜட்ஜ் உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடுவாங்களாம்மா?"

மாட்டாங்கடா என்றேன். ஆர்டரில் மைனரை விசாரித்தோம் என்று ஒரு வரிதான் இருந்தது. இப்போது 12 வயது, என்னோடுதான் இருக்கிறான். அன்றைக்கு யார் பேரைச் சொன்னான் என்று இன்னும் எனக்குத் தெரியாது.

பெரம்பூர் ரிட்டயர்டு:
சகோதரி, குழம்ப வேண்டாம். 1890-ஆம் வருடத்து கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் (மைனருக்குப் பாதுகாவலர் நியமிக்கும் சட்டம்), 17-ஆவது பிரிவு. விவரம் தெரிந்து விருப்பம் சொல்லும் வயது என்றால் கோர்ட் அதைக் கவனிக்கலாம், அவ்வளவுதான். பிள்ளை சொன்னதே தீர்ப்பு ஆகாது.

என் தம்பி கேஸில் மூன்று வருடம் கூடவே அலைந்தவன் நான். இந்துக்களுக்கான 1956-ஆம் வருடப் பாதுகாவலர் சட்டத்தில், 5 வயது முடியும்வரை குழந்தை சாதாரணமாகத் தாயிடம் என்று இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, 5 முடிந்த மறுநாளே பையன் வந்துவிடுவான் என்று தம்பி காலண்டரில் நாள் எண்ணினான். வரவில்லை. அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவில் குழந்தையின் நலன்தான் முக்கியம் என்று போட்டிருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை.

தண்டையார்பேட்டை தம்பி, உங்கள் ஆர்டர் ஒன்றும் கல்வெட்டு இல்லை. நிலைமை மாறினால் மாற்றச் சொல்லி மனு போடலாம். நம்ம சென்னையிலிருந்து போன ரோஸி ஜேக்கப் கேஸில் உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது. பள்ளி லீவில் சேர்ந்தாற்போல் சில நாள் கேளுங்கள். வீடியோ காலும் கேளுங்கள். 2020-ல் யஷிதா சாஹு தீர்ப்பில், பிள்ளையைப் பிரிந்திருக்கும் அப்பாவோ அம்மாவோ தினமும் ஐந்து பத்து நிமிடமாவது பிள்ளையோடு பேச வழி வேண்டும் என்றிருக்கிறார்கள். பார்க்க விடவில்லை என்று ஜீவனாம்சத்தை நிறுத்திவிடாதீர்கள். அது வேறு, இது வேறு. அந்தக் கவுன் பில்லையும் பத்திரமாக வையுங்கள், உதவும்.

காசிமேடு மச்சான்:
சார், அவர் கவுனைச் சொல்லி வருத்தப்படுகிறார், நீங்கள் பில்லைக் கேட்கிறீர்கள்.

2022-ல் நம்ம ஹைகோர்ட் ஆர்டர் ஒன்று பேப்பரில் வந்ததே, பிள்ளையைப் பார்க்க வருகிறவரை விருந்தாளியாக நினைத்து டீ, பலகாரம் கொடுங்கள் என்று. படித்துவிட்டுச் சிரித்தவன் நான். எங்கள் வீடு ஒரே ரூம். அக்கா மகனைப் பார்க்க மாமா ஞாயிறு 4 முதல் 6 வரை அங்கேதான் வர வேண்டும் என்று ஆர்டர். மாமா என்று கூப்பிட்டுப் பழகிய ஆள், பேப்பரில் எதிர்மனுதாரர். அவர் உள்ளே, நாங்கள் நாலு பேரும் மாடிப்படியில். தெருவே வேடிக்கை பார்க்கும்.

மூன்றாவது வாரம் அம்மா யாரையும் கேட்காமல் டீ போட்டு நீட்டியது. குடித்தார். எழுந்து வெளியே வந்து, குடத்திலிருந்து கொஞ்சூண்டு தண்ணீர் சாய்த்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அந்த மனுஷன் ஒரு டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை. அம்மா அதை மறுபடி கழுவவில்லை. அப்படியே எடுத்து அலமாரியில் வைத்தது.

தண்டையார்பேட்டை அப்பா:
பில் எல்லாம் அன்றைக்கே தூக்கிப் போட்டாச்சு சார்.

ஸ்கூல் ஆண்டு விழாவுக்குப் பட்டுப்பாவாடை வேண்டும் என்று பொண்ணே கேட்டிருக்கிறாள். போட்டுக்கொண்டு மேடை ஏறணும் என்றால் அது அவள் வீட்டுக்குத்தானே போகணும்? தைக்க அளவு வேண்டும் என்று அவள் அம்மாவுக்கு வாட்ஸ்அப் போட்டேன், ஒன்றரை வருடத்தில் வக்கீல் இல்லாமல் போட்ட முதல் மெசேஜ். நேற்று ராத்திரி ப்ளூ டிக் வந்தது.