தோட்டத்தில் லேபிரிந்த் நடைபாதை: ஓரத்துக்கு எது சரிவரும்?

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கிறது, அங்கே ஒரு லேபிரிந்த் போடலாம் என்று ஆசை. முட்டுச்சந்து வைத்துத் திணறடிக்கிற மேஸ் இல்லைங்க, ஒரே பாதை வளைந்து வளைந்து நடுவுக்குப் போய் அதே வழியில் வெளியே வருகிற வகை. பிரான்சின் ஷார்த்ர் கதீட்ரல் தரையில் இருக்கும் 11 சுற்று வடிவம் அழகுதான், ஆனால் அது கிட்டத்தட்ட 13 மீட்டர் அகலம், அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? அதனால் பழைய 7 சுற்று வடிவத்தை எடுத்துக்கொண்டேன். ஒரு கூட்டல் குறி, அதன் கைகளுக்கு நடுவே இருக்கும் நான்கு இடைவெளியிலும் ஒவ்வொரு ‘ட’ மாதிரி மடக்கு, மூலைகளில் புள்ளி, முனைகளை வரிசையாக வளைத்து இணைத்தால் முடிந்தது. மொத்த அகலம் பாதையைப் போல 15 மடங்கு வரும், அதாவது 40 செ.மீ. பாதைக்கு 6 மீட்டர்.

சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டு நடந்தும் பார்த்தாயிற்று. மெதுவாக வளைகிற இடத்தில் பிரச்சினையே இல்லை, சட்டென்று திரும்புகிற இடத்தில்தான் பாதம் கோட்டை மிதிக்கிறது. அங்கே மட்டும் அகலப்படுத்தினால் வடிவம் கெடுமா?

அப்புறம் ஓரம். செங்கல்லைத் தரைமட்டத்துக்குப் புதைத்தால் புல்வெட்டும் மெஷின் மேலேயே ஓடும், உருண்டைக் கல் பார்க்க நன்றாக இருந்தாலும் இடையில் களை பிடுங்கியே இடுப்பு போய்விடும் என்று தோன்றுகிறது. குட்டைச் செடி வைத்தவர்கள் இருக்கிறீர்களா? மழையில் பாதை சேறாகாமல் இருக்க என்ன போட்டீர்கள்? வெறுங்காலில் நடக்கணும், அதனால் கூரான ஜல்லி வேண்டாம். போட்டோ இருந்தால் போடுங்கள்.