தரநிலை ஆவணத்துக்கு மார்க்கப் டெம்ப்ளேட்: முதல் வரைவிலேயே கட்டாயமாக்கலாமா?

நிரலி:
எங்கள் குழு ஒரு தரவுப் பரிமாற்ற நெறிமுறைக்குத் தரநிலை எழுதத் தொடங்குகிறது. ஒருவர் வேர்டு அனுப்புகிறார், இன்னொருவர் வெறும் டெக்ஸ்ட், மற்றொருவர் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுகிறார். முதல் வரைவிலிருந்தே எக்ஸ்எம்எல் (உரையின் ஒவ்வொரு பகுதியையும் டேக் என்ற குறிச்சொற்களுக்குள் வைத்து எழுதும் மார்க்கப் மொழி) டெம்ப்ளேட்டில்தான் எழுத வேண்டும் என்று விதி போடலாம் என்பது என் கட்சி. இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப்-இல் 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2629 முதலே இந்த வழி உண்டு (அங்கே எண்ணிட்டு வெளியாகும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர்). தலைப்பு, ஆசிரியர், ஆவண வகை ஆகியவற்றைக் கொடுத்தால் உரிமைக் குறிப்பு, ஆவண நிலை, பொருளடக்கம் எல்லாவற்றையும் கருவியே போட்டுவிடும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

வரைவுக்காரன்:
இருக்கிறது, நிறையவே. முதல் வரைவில்தான் யோசனையே நடக்கிறது. அங்கே போய் "திறந்த டேகை மூடினீர்களா" என்று கேட்டால் நெறிமுறை தெரிந்தவர் ஒதுங்கிக்கொள்வார், எக்ஸ்எம்எல் தெரிந்தவர் மட்டும் எழுதுவார்.

அப்புறம், டெம்ப்ளேட் ஒரு தலைப்பைக் கொடுத்தால் அதன் கீழ் எதையாவது எழுதி ஒப்பேற்றுவது மனித இயல்பு. பழைய ஆர்எஃப்சிகளைப் புரட்டுங்கள். "பாதுகாப்புச் சிக்கல்கள் இந்தக் குறிப்பில் பேசப்படவில்லை" என்று ஒற்றை வரி, ஆவணத்துக்கு ஆவணம். தலைப்பு இருந்தது, சரக்கு இல்லை. அந்தப் பகுதியில் என்னதான் எழுத வேண்டும் என்று விளக்கவே 2003-இல் ஆர்எஃப்சி 3552 என்று தனியாக ஓர் ஆவணம் தேவைப்பட்டது.

நிரலி:
அந்தத் தலைப்பு இருந்ததால்தானே அடியில் ஒன்றுமில்லை என்பது உங்கள் கண்ணிலேயே பட்டது? தலைப்பே இல்லையென்றால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் கவலைப்படுவது வேறு. "பிழைக் குறியீடுகளுக்கு 4.2-ஐப் பார்க்க" என்று கையால் எழுதுகிறோம். நடுவில் யாரோ ஒரு பிரிவைச் செருகுகிறார். பிழை அட்டவணை 4.3-க்குப் போய்விடுகிறது, குறிப்பு மட்டும் 4.2 என்றே நிற்கிறது. இதை நம்பி நிரல் எழுதுகிறவர் வேறு அட்டவணையைப் பார்க்கிறார். மார்க்கப்பில் அந்தப் பிரிவுக்கு ஓர் அடையாளப் பெயர் வைத்து அதைச் சுட்டினால் எண்ணைக் கருவி போட்டுக்கொள்ளும். பெயரைத் தப்பாக அடித்தால் அங்கேயே பிழை காட்டும்.

தாள்முகம்:
வேர்டிலும் குறுக்குக் குறிப்பு வசதி இருக்கிறது, நிரலி. பயன்படுத்தத்தான் ஆளில்லை.

சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ-வின் வரைவுகள் பெரும்பாலும் வேர்டு டெம்ப்ளேட்டில்தான் வளர்ந்தன. கருத்துச் சொல்லவே அங்கே ஓர் அட்டவணை உண்டு: எந்தப் பிரிவு, கருத்து பொதுவானதா, தொழில்நுட்பமா, மொழித்திருத்தமா, அதற்குப் பதிலாக என்ன எழுத வேண்டும். குறை சொல்கிறவரே மாற்று வாசகத்தையும் தர வேண்டிய கட்டம் அது. எனக்குத் தெரிந்த எந்த மார்க்கப்பையும்விட அந்த ஒரு கட்டம் அதிக வேலை வாங்குகிறது. குழாய், வால்வு பற்றித் தரநிலை எழுதும் பொறியாளரிடம் போய் கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் மென்பொருள்) கற்றுக்கொள் என்பீர்களா?

கோப்புப்புழு:
நடுவழி ஒன்று இருக்கிறதே. கிராம்டவுன்-ஆர்எஃப்சி. எழுதுவது மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு நடையில், எக்ஸ்எம்எல்-ஐ உருவாக்குவது கருவி. எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம்: இரட்டை அடைப்புக்குள் ஆர்எஃப்சி எண்ணுக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட்டால் அது கட்டாயம் பின்பற்ற வேண்டிய மேற்கோள் பட்டியலுக்குப் போகும், கேள்விக்குறி போட்டால் தகவலுக்கான பட்டியலுக்கு. ஆசிரியர் அந்த வாக்கியத்தை எழுதும்போதே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கடைசி வாரத்தில் பட்டியலைப் பிரிக்க உட்கார்ந்து அடித்துக்கொள்ள வேண்டாம்.

வரைவுக்காரன்:
நல்ல வழிதான், கடைசிக் கட்டம் வரைக்கும். வெளியீட்டுக்கு முந்தைய ஆசிரியர் சரிபார்ப்புக்கு ஆத்48 என்று பெயர். பெயர்தான் 48 மணி நேரம், வாரக்கணக்கில் இழுப்பது சகஜம். அந்தக் கட்டத்தில் பதிப்பாசிரியர்கள் பெரும்பாலும் எக்ஸ்எம்எல்-இல்தான் கை வைக்கிறார்கள். உங்கள் மார்க்டவுன் அப்படியே பின்தங்கி நிற்கும். அடுத்த பதிப்பு எழுதும்போது எது மூலம்? திருத்தங்களை யாரோ ஒருவர் வரிவரியாகத் திரும்ப ஏற்ற வேண்டும்.

இன்னொன்று, டெம்ப்ளேட் போட்டதாலேயே ஆவணம் துல்லியமாகிவிட்டது என்ற மயக்கம் வருகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்தில் "மஸ்ட்" (MUST) என்று எழுதினால் கட்டாயம் என்றது 1997-இன் ஆர்எஃப்சி 2119. சின்ன எழுத்தில் வந்தால் வழக்கமான பொருள்தான் என்று 2017-இல் ஆர்எஃப்சி 8174 தெளிவாக்கியது. "சர்வர் நியாயமான நேரத்துக்குள் கட்டாயம் பதில் தர வேண்டும்" என்று எழுதி அந்தக் "கட்டாயம்" மீது டேக் போட்டால் கருவி வாயே திறக்காது. எவ்வளவு நேரம் நியாயம்? அதை ஆள்தான் கேட்க வேண்டும்.

நிரலி:
ஒப்புக்கொள்கிறேன், அது டெம்ப்ளேட்டின் வேலை இல்லை. ஆனால் அதனால் முடிகிற ஒன்றை நீங்கள் யாருமே தொடவில்லை. எங்கள் ஆவணத்தில் செய்தி அமைப்பை ஏபிஎன்எஃப் இலக்கணத்தில் (செய்தியின் வடிவத்தை நிரல் படிக்கும்படி விதிகளாக எழுதும் முறை) எழுதுகிறோம். இதே குழுவில் ஒருவர் அதை வேர்டில் ஒட்டி அனுப்பினார். தானியங்கித் திருத்தம் நேர் மேற்கோள்குறிகளை எல்லாம் வளைந்த குறிகளாக்கிவிட்டது, இரட்டை இடைக்கோட்டை ஒரே நீளக் கோடாக்கிவிட்டது. கண்ணுக்கு அழகாக இருக்கிறது, அதைப் படிக்கும் நிரலான பார்சர் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது. மார்க்கப்பில் அந்தத் துண்டுக்கு "இது ஏபிஎன்எஃப்" என்று வகை குறித்துவிட்டால், ஒவ்வொரு திருத்தத்தின்போதும் அதை மட்டும் உருவியெடுத்துச் சோதிக்கலாம்.

தாள்முகம்:
வேர்டில் அந்தத் திருத்தத்தை அணைத்துவைக்கலாம்.

கோப்புப்புழு:
எல்லாருடைய கணினியிலும் போய் அணைத்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறோம் 🙂

வரைவுக்காரன்:
சரி, இலக்கணத் துண்டு விஷயத்தில் நிரலி சொல்வதற்குப் பதில் இல்லை. அதை மட்டும் முதல் நாளிலிருந்தே தனி டெக்ஸ்ட் கோப்பாக ரெப்போவில் (குழுவின் பொதுக் கோப்புக் களஞ்சியத்தில்) வையுங்கள், சோதனையும் ஓடட்டும். உரையை அவரவர் விருப்பப்படி எழுதட்டும். குழு வரைவாக ஏற்றுக்கொண்ட பிறகு டெம்ப்ளேட் கட்டாயம் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த மாற்றத்தை உட்கார்ந்து செய்யப்போவது யார்? ஆளைச் சொல்லிவிட்டு வாக்கெடுப்புக்கு விடுங்கள்.

நிரலி:
எடிட்டரை இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை. அதுவரை நானே மாற்றித் தருகிறேன். ஆனால் குறுக்குக் குறிப்புகளில் எண் போட்டு அனுப்பாதீர்கள். பிரிவின் பெயரை எழுதுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.